ஆங்கிலத்துக்கும் பகுதி, விகுதி உண்டு

போன பொங்கலுக்கு, போகி அன்று சாயங்காலம், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டு வகுப்பும் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துப் போனவள். அப்பாவுக்கு லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை. அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். இடம் கிடைத்த அன்று தெருவில் சரவெடி கொளுத்தினோம். எங்கள் தெருவிலிருந்து ஒரு டாக்டர் என்பது சின்ன விஷயமா?

நான்கு நாள் லீவுக்கு இத்தனை பெரிய பெட்டி எதற்கு என்று முதலில் கேட்டது என் மனைவிதான். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் விஷயம் வெளியே வந்தது. பெண் திரும்பிப் போகப் போவதில்லையாம். அம்மா அழுதுகொண்டே வந்து நின்றார். "கம்பவுண்டர் ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்களும் ஆஸ்பத்திரியில இருந்தவங்கதானே."

அரசு ஆஸ்பத்திரியில் 36 வருஷம் மருந்தாளுநராக இருந்து 2008-இல் ஓய்வு பெற்றவன் நான். இன்னமும் ஊரில் எனக்குப் பெயர் கம்பவுண்டர்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். "பாடம் கஷ்டமில்ல தாத்தா. சொல்றது புரியுது. பேருதான் நிக்கல. இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்க ஒரு தடவை படிச்சா நிக்குது. நான் ஒவ்வொரு பேரையும் இருபது தடவை எழுதிப் பார்க்கிறேன். காலையில எந்திரிச்சா மறந்து போவுது" என்றாள். நோட்டைக் காட்டினாள். உண்மைதான். எலும்புப் பெயர், தசைப் பெயர், நரம்புப் பெயர் என்று ஒவ்வொன்றும் இருபது இருபது தடவை. பள்ளிக்கூடத்தில் தண்டனையாக எழுதச் சொல்வார்களே, அந்த மாதிரி.

அந்த நோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். 1967-இல் என் கையில் இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. வரை எல்லாமே தமிழ். திசைவேகம், முடுக்கம், ஒளிச்சேர்க்கை என்று படித்துவிட்டு பி.யூ.சி.க்குப் போனால் முதல் நாளிலிருந்தே எல்லாம் இங்கிலீஷ். பேராசிரியர் 'வெலாசிட்டி' என்கிறார். நமக்குத் தெரிந்த சரக்குதான், ஆனால் அதுதான் இது என்று தெரியாது. நான் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் இருபது தடவை எழுதுவேன். ஆங்கிலத்தில் கோட் அடித்தேன். செப்டம்பரில் மறுபடி எழுதித்தான் தேறினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் என்னோடு பேசியதே குறைவு. அது இன்னும் வலிக்கிறது என்று இந்த வயதில் சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு டி.பார்ம். முடித்து 1972-இல் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஓய்வு பெறும் தறுவாயில் ஒரு மூத்த கம்பவுண்டர் இருந்தார். டாக்டர் சீட்டுகளில் பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ். என்று இருக்கும். எனக்கு அவை மனப்பாடம். தினம் இரண்டு வேளை, மூன்று வேளை, படுக்கும்போது. ஏன் அப்படி என்று நான் கேட்டதே இல்லை. ஒருநாள் பதினோரு மணி டீக்கு அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காட்டி, "தம்பி, நீ திங்கற பிஸ்கட்டும் சீட்டுல இருக்கிற பி.டி.யும் சொந்தக்காரங்க, தெரியுமா?" என்றார். பிஸ் என்றால் இலத்தீனில் இரண்டு தடவை. பி.டி. என்பது 'பிஸ் இன் டியே', நாளுக்கு இரண்டு தடவை. பிஸ்கட் என்பது இரண்டு தடவை சுட்டது. அந்தக் காலத்தில் கப்பலுக்கும் படைக்கும் கொண்டுபோகும் ரொட்டியை கெடாமல் இருக்க மறுபடி சுட்டுக் காய வைப்பார்களாம்.

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தை எப்படிச் சொல்வது! ஆங்கிலச் சொல் என்பது உடைக்க முடியாத கூழாங்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறது என்று காட்டியவர் அவர்தான்.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல், நம் வயதுக்காரர்களுக்காக. மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் பலர் பயந்துபோகிறார்கள். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் தந்தி அல்லவா அது! என் நண்பர் ஒருவர் அந்த மாத்திரையை இரவு பகலாகத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். அது 'சி ஓபுஸ் சிட்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம். தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள் என்று அர்த்தம். அவ்வளவுதான். எச்.எஸ். என்பது 'ஹோரா சோம்னி', தூங்கும் நேரம். தினசரி காலண்டரில் சுக்கிர ஹோரை, குரு ஹோரை என்று பார்க்கிறோமே, அந்த ஹோரையும் இந்த ஹோராவும் கிரேக்கத்திலிருந்து கிளம்பி ஒன்று வடமொழிக்கும் ஒன்று ரோமாபுரிக்கும் போனவை. சோம்னிக்கும் நம் சொப்பனத்துக்கும் உறவு உண்டு. ஆக, படுக்கும்போது போடும் மாத்திரையில் பாதி இலத்தீன் நமக்கு ஏற்கெனவே தெரியும்.

சரி, பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

"பத்தாம் வகுப்புல பகுபத உறுப்பிலக்கணம் படிச்சியா?" என்று கேட்டேன். "படிச்சேன் தாத்தா, தமிழ்ல 97" என்றாள். "படித்தான், பிரிச்சுச் சொல்லு." யோசிக்காமல் சொன்னாள்: படி பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. "இதையே உன் எலும்புக்கும் தசைக்கும் செய்யலாம்" என்றேன். நம்பவில்லை. இந்த ஐயா பழைய காலத்து ஆள், ஏதோ சொல்கிறார் என்கிற மாதிரி பார்த்தாள்.

நோட்டிலிருந்து இருப்பதிலேயே நீளமான பெயர் ஒன்றை எடுக்கச் சொன்னேன். 'எக்ஸ்டென்சர் டிஜிடோரம் லாங்கஸ்' என்றாள், வாய் வலிப்பது போல. எக்ஸ் என்றால் வெளியே. டென்ஸ் என்றால் இழுத்து நீட்டுவது. டிஜிட் என்றால் விரல். விரல் விட்டு எண்ணியதால்தான் எண்ணுக்கும் அந்தப் பெயர் வந்தது, இன்று எல்லாரும் சொல்கிற டிஜிட்டலும் அந்த விரல்தான். லாங்கஸ், நீளம். ஆக, விரல்களை நீட்டுகிற நீளமான தசை. காலில் இருப்பதால் கால்விரல். "இது பேரு இல்லம்மா, இதுவே விடை. இந்தத் தசை என்ன வேலை செய்யும்னு கேள்வி கேட்டா, பேரைப் பிரிச்சு எழுதினா பாதி மார்க்கு" என்றேன். அவள் தன் கால்விரல்களை மேலே தூக்கிப் பார்த்தாள். பிறகு நோட்டின் அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினாள்.

அன்றிரவு எட்டு மணி வரை எலும்புகளோடுதான் உட்கார்ந்திருந்தோம். முழங்கால் முன்னால் இருக்கிற பட்டெல்லா என்பது சின்னத் தட்டு. நாம் சிரட்டை என்கிறோம், அவர்கள் தட்டு என்றார்கள், பார்த்தவர்களின் சமையலறை வேறு, அவ்வளவே. டிபியா என்றால் புல்லாங்குழல். பக்கத்தில் மெல்லிசாக ஒட்டி நிற்கும் ஃபிபுலா என்றால் துணியில் குத்தும் ஊக்கு. கிளாவிக்கிள் என்றால் சின்னச் சாவி. பெல்விஸ் என்றால் அகன்ற பாத்திரம். தசைக்குச் சொல்லும் மஸில் என்ற வார்த்தைக்கு மூலம் சுண்டெலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் ஓடுகிறதே, அதனால். அவள் தம்பி உடனே சட்டைக் கையைச் சுருட்டி எலியைக் காட்டினான்.

அவளை நிஜமாகவே நிமிர்ந்து உட்கார வைத்தது கண்தான். கருவிழி நடுவில் இருக்கும் துவாரத்துக்கு ப்யூப்பில் என்று பெயர். இலத்தீனில் 'புப்பில்லா', சின்னப் பொம்மை. எதிரே நிற்பவர் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் நம் உருவம் பொம்மையாகத் தெரியும் அல்லவா? தமிழில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சற்று நேரம் விழித்துவிட்டு, "பாவை!" என்று கத்தினாள். பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் கண்மணிக்குள் இருப்பது. காமத்துப்பாலில் வள்ளுவர் கையாண்ட சொல். ரோமாபுரிக்காரனும் நம் ஆளும் தனித்தனியாக இன்னொருவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்து ஒரே பொம்மையைக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் என் புலமையைக் காட்ட அல்ல. எனக்கு இலத்தீன் தெரியாது. ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் படிக்க வராது. தெரிந்ததெல்லாம் ஒரு நூற்றைம்பது வேர்ச்சொல், சில முன்னொட்டு, சில பின்னொட்டு. நான் சொல்ல வருவது, இந்த அளவு போதும், இதைத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

ஆங்கிலத்தில் இலத்தீன் எப்படி இவ்வளவு புகுந்தது என்பது பெரிய கதை. 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பின் அரண்மனையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. பிரெஞ்சு இலத்தீனின் மகள். சர்ச்சும் பல்கலைக்கழகமும் இலத்தீனிலேயே இயங்கின. மருத்துவமும் அறிவியலும் வளர்ந்தபோது இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் புதிய சொற்களைச் செய்துகொண்டார்கள். விளைவு, ஆங்கில அகராதியில் பாதிக்கு மேல் நேராகவோ சுற்றியோ இலத்தீனிலிருந்து வந்தவை. வா, போ, தண்ணீர், வீடு போன்ற வீட்டுச் சொற்கள் பழைய ஆங்கிலம். கோர்ட், கல்லூரி, ஆஸ்பத்திரி, ஆபீஸ் இவற்றில் புழங்கும் பெரிய சொற்கள் வந்தேறிகள். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் அந்தப் பெரிய சொற்களில்தான்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு வேரை மட்டும் காட்டுகிறேன். பெண்ட், அதாவது தொங்குவது. சுவர்க் கடிகாரத்தில் ஆடும் பெண்டுலம் அதுதான். நம் ஃபைல் மேஜையில் பென்டிங், தொங்கலில் இருக்கிறது. ஏதாவது தகராறு வந்தால் சஸ்பெண்ட், அந்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். நம்மை நம்பித் தொங்குபவர்கள் டிபெண்டன்ட். வயிற்றில் குடலோடு தொங்கும் சின்ன வாலும், புத்தகத்தின் கடைசியில் தொங்கும் பிற்சேர்க்கையும் அப்பெண்டிக்ஸ். தராசில் தட்டு தொங்குவதால் எடை போடுவதும் இதே வேர். ஆதியில் காசை எண்ணிக் கொடுக்கவில்லை, நிறுத்துக் கொடுத்தார்கள், ஆகவே செலவுக்கு எக்ஸ்பென்ஸ், நமக்கு பென்ஷன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ் முழுக்க ஒரே வேரில் தொங்கியிருக்கிறேன் என்று எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. ஆம்னிபஸ் என்பது முழு இலத்தீன் சொல். ஆம்னிஸ் என்றால் எல்லாம், ஆம்னிபஸ் என்றால் 'எல்லாருக்கும்'. பேச்சில் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்: பஸ். நம் மொழியில் 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் 'எல்லா'வை விட்டுவிட்டு, "ருக்கும் வந்துடுச்சு, ஏறுங்க" என்பது போல. வேற்றுமை உருபு ஒன்று டீசல் போட்டுக்கொண்டு நாடெங்கும் ஓடுகிறது! தீபாவளி சமயத்தில் ஆம்னி பஸ் டிக்கெட் விலையைப் பார்த்தால் அது எல்லாருக்குமானதா என்பது வேறு விஷயம். பஸ் போர்டில் 'வயா' என்று போடுவதும் அசல் இலத்தீன். சாலை என்று பொருள். நாம் 'வழி' என்று போடுகிறோம். மொழிபெயர்த்தவர் யாரோ, கச்சிதமாகச் செய்திருக்கிறார். தேர்தல் வந்தால் கேண்டிடேட். கேண்டிடுஸ் என்றால் பளிச்சென்ற வெள்ளை. ரோமாபுரியில் பதவிக்கு நிற்பவர்கள் வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள். நம் ஊரில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இதற்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நான் கோட் அடித்து மறுபடி எழுதினேனே, அந்த செப்டம்பர், அதன் பெயரில் ஏழு இருக்கிறது. ஆனால் அது ஒன்பதாம் மாதம். பழைய ரோமானிய வருஷம் மார்ச்சில் தொடங்கியதால் வந்த குழப்பம். செப்டெம், ஆக்டோ, நோவெம், டெசெம் என்று சொல்லிப் பாருங்கள். சப்தஸ்வரம், அஷ்டலட்சுமி, நவக்கிரகம், தசாவதாரம் காதில் விழுகிறதா? இலத்தீனும் வடமொழியும் ஒரே குடும்பம். 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதை எடுத்துச் சொன்னார். தமிழ் வேறு குடும்பம். ஆனால் நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் வடசொற்கள் இந்த இடத்தில் ஏணியாக உதவுகின்றன. டென்டிஸ்ட் என்றால் தந்தம், பெடல் என்றால் பாதம். தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்க வேண்டாம். ஏணியை ஏறிய பிறகு எடுத்துவிடலாம்.

அதே சமயம், வாட்ஸ்அப்பில் வரும் 'எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்தே பிறந்தன' பட்டியலை நான் ஏற்பவன் அல்ல. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் அங்கே போனது உண்மை, பெருமைதான். அதற்காக ஒலி ஒத்துப்போவதையெல்லாம் உறவாக்கினால் பிள்ளைகள்தான் குழம்புவார்கள்.

இதைப் பற்றி என் நண்பர் ஒருவரோடு தினமும் பார்க் பெஞ்சில் சண்டை. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். "கம்பவுண்டரே, சொல்லை வெட்டிப் பார்த்தா பொணம்தான் கிடைக்கும். உயிர் வாக்கியத்துல இருக்கு. பிள்ளைங்களைக் கதை படிக்கச் சொல்லுங்க, சொல் தானா வரும்" என்பார். உடற்கூறு படிக்கிற பெண்ணுக்குப் பிணம்தானே சார் வேண்டும் என்று நான் மடக்கிவிட்டேன். ஆனால் அவர் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. வேரை மட்டும் நம்பினால் காலை வாரிவிடும்.

எனக்கே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈதர் பாட்டிலில் 'இன்ஃப்ளேமபிள்' என்று லேபிள் இருந்தது. இன் என்றால் இல்லை, ஃப்ளேம் என்றால் தீ, ஆக தீப்பிடிக்காது என்று என் அரைகுறைப் புத்தி கணக்குப் போட்டது. ஸ்பிரிட் விளக்கு எரியும் மேஜையில் அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். மூத்தவர் பாய்ந்து வந்து எடுத்தார். அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. இலத்தீனில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று 'இல்லை'. இன்னொன்று 'உள்ளே'. இன்ஃப்ளேமபிளில் இருப்பது இரண்டாவது, தீயை உள்ளே வாங்கிக்கொள்வது. பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகில் எழுதியிருக்குமே, அதே சொல்தான். இதேபோல் பெடெஸ்ட்ரியனில் வருவது இலத்தீன் பாதம், பீடியாட்ரிஷனில் வருவது கிரேக்கக் குழந்தை. இரண்டையும் ஒன்றாக்கினால் குழந்தை வைத்தியர் கால் வைத்தியராகிவிடுவார். ஆகவே, பிரித்துப் பார்த்து ஊகிக்க வேண்டும், பிறகு அகராதியைத் திறந்து சரிபார்க்க வேண்டும். ஊகம் செய்த பின் அகராதி பார்த்தால் சொல் மனதில் நிற்கும். ஊகம் தப்பாகப் போயிருந்தால் இன்னும் நன்றாக நிற்கும். எனக்கு இன்ஃப்ளேமபிள் நிற்பது போல.

ஆனால் ஆசிரியர் நண்பரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கதைப் புத்தகம் வாங்கவும், வீட்டில் இங்கிலீஷ் கேட்கவும் வாய்ப்பு உள்ள பிள்ளைக்குச் சொல் தானாக வரும். இட்லிக் கடை வீட்டுப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்? அவளுக்குப் பத்து வருஷ வாசிப்பை நாலு மாதத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு கருவி வேண்டும். அமெரிக்காவில் ஸ்பெல்லிங் பீ என்று ஒரு போட்டி நடக்கிறது. மேடையில் நிற்கும் பிள்ளை, 'இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?' என்று கேட்கலாம். நடுவர் சொல்வார். அது நேரம் கடத்த அல்ல, வேரைப் பிடித்துத்தான் எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். வசதியுள்ள பிள்ளைகளுக்குக் கோச்சிங் வைத்துச் சொல்லிக் கொடுக்கும் இந்த வித்தை நம் அரசுப் பள்ளிக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

நம் பிள்ளைக்கு இதில் ஒரு கூடுதல் பலமும் இருக்கிறது. பகுதி, விகுதி, இடைநிலை தெரிந்தவள் அவள். புணர்ச்சி விதியும் தெரியும். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் ம் திரிந்து மரங்கள் ஆகும் என்று படித்திருக்கிறாள். 'இல்லை' என்ற அதே 'இன்', பாஸிபிளோடு சேர்ந்தால் இம்பாஸிபிள், லீகலோடு சேர்ந்தால் இல்லீகல், ரெகுலரோடு சேர்ந்தால் இர்ரெகுலர் ஆவதும் அதுமாதிரி திரிபுதான். ஸ்பெல்லிங்கில் ஏன் இரண்டு எல், இரண்டு ஆர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துவிடுகிற இலக்கணத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று எந்தத் தமிழ் வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. ஆங்கில வகுப்பிலும் சொன்னதில்லை. இரண்டு ஆசிரியர்களும் ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் டீ குடிக்கிறார்கள்.

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். கரும்பலகை ஓரத்தில் தினம் ஒரு குறள் எழுதுகிறோம் அல்லவா, அதன் கீழே வாரம் ஒரு வேர். போர்ட் என்றால் சுமப்பது: டிரான்ஸ்போர்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டர். வருஷத்துக்கு முப்பது என்றால் ஐந்து வருஷத்தில் நூற்றைம்பது. நான் 36 வருஷம் ஓட்டியது அந்த நூற்றைம்பதில்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் வாங்கிக்கொண்டு மூவாயிரம் சொல்லைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். உப்பில்லாத சோறு அது.

தமிழிலேயே மருத்துவம் படித்தால் இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்து, புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்திருக்கிறார். முடியாத காரியமில்லை. வரட்டும், கைதட்டுவேன். ஆனால் அது வரும் வரை இந்தப் பெண் பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருக்க முடியாது.

அவள் திரும்பிப் போனாள். காணும் பொங்கல் கழிந்து இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, மூன்றாம் நாள் முதல் பஸ்ஸில். நான் ஒரு பழைய டைரியில் என் நூற்றைம்பதையும் எழுதிக் கொடுத்தேன். முதல் தேர்வில் உடற்கூற்றில் தேறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் கதையாகிவிடும். அடுத்ததில் தேறினாள். நல்ல மார்க்கு என்று சொல்ல முடியாது. பாஸ்.

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு போன். அந்த நேரத்தில் போன் வந்தால் நமக்கெல்லாம் வயிற்றில் புளி கரையும். "தாத்தா, தூங்கிட்டீங்களா? இடுப்பு எலும்புக்கு இன்னாமினேட்னு ஒரு பழைய பேரு போட்டிருக்கு. உங்க டைரியில இல்ல. நானே பிரிச்சேன். இன், இல்லை. நாமின், நம்ம நாமம்தானே? பேரில்லாத எலும்பு! பேரு வைக்கத் தெரியாம பேரில்லாததுன்னே பேரு வெச்சிருக்காங்க தாத்தா!" என்று சொல்லிவிட்டு விடாமல் சிரித்தாள். பின்னால் ஹாஸ்டல் பிள்ளைகள் யாரோ, "என்னடி, எங்களுக்கும் சொல்லுடி" என்று கேட்பது காதில் விழுந்தது. போனை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என்னை மறந்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வைத்துவிட்டேன்.